கொடுத்த மருந்தும் விழுங்கிய மருந்தும்: உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் ஒன்றின் சிகிச்சைப் பதிவு

பின்னணி

நாய்க்கு வயது ஐந்து. கலப்பினப் பெண் நாய், கருத்தடை செய்தது, எடை 19.6 கிலோ. வீட்டில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரும் வேலைக்குப் போகும் அவருடைய மகளும் இருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, நடக்கக் கூட்டிப்போவது, சாப்பாடு வைப்பது எல்லாம் பெரியவர்தான். அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம் உண்டு. முதல் நாள் யாரும் கேட்காமல் விட்ட இந்த விவரம் பிறகு முக்கியமாகிவிட்டது.

நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடக்கிறது என்று கூட்டிவந்தார்கள். உடல் வெப்பம் 104.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. ஈறு வெளிறியிருந்தது. அடிவயிற்றுத் தோலில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. காதுமடலின் உட்புறத்தில் இரண்டு உண்ணிகள் இருந்தன. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) மைக்ரோலிட்டருக்கு 48,000 மட்டுமே. ஏறத்தாழ இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். சிவப்பணுக்களின் விகிதம் 29 சதவீதம். 37க்குக் கீழே போனால் ரத்தசோகை. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் இயந்திரம் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். அதனால் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியிலும் பார்க்கப்பட்டது. நூறு மடங்கு எண்ணெய் வில்லையில் ஒரு புலத்துக்குச் சராசரியாக மூன்று தட்டணுக்கள். ஒன்றுக்கு 15,000 என்று கணக்கிட்டால் 45,000. இயந்திரம் சொன்னது சரிதான். எர்லிக்கியா கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையும் நேர்மறையாக வந்தது.

எர்லிக்கியா கேனிஸ் பழுப்பு நாய் உண்ணி கடிப்பதால் பரவும் கிருமி. வெள்ளையணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அணுக்களுக்குள் ஊடுருவிப் போகக்கூடிய டாக்ஸிசைக்ளின்தான் இதற்கு முதல் மருந்து. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம், இந்த நாய்க்குச் சுமார் 200 மில்லிகிராம். அதை இரண்டாகப் பிரித்து, 12 மணி நேரத்துக்கு ஒரு 100 மில்லிகிராம் கேப்சூல், 28 நாட்களுக்கு மொத்தம் 56. இந்த மருந்து கிருமியை நேரடியாகக் கொல்வதைவிட அதன் பெருக்கத்தைத் தடுத்து வைப்பதால்தான் இத்தனை நாள் வேண்டியிருக்கிறது. நாய் தேறியதுபோல் தெரிந்த உடனே நிறுத்தினாலோ, நடுவில் விட்டு விட்டுக் கொடுத்தாலோ நோய் திரும்பிவிடும்.

சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "காலை 1, இரவு 1, சாப்பாட்டோடு கொடுக்கவும்." வெறும் வயிற்றில் டாக்ஸிசைக்ளின் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்கும் என்பதால்தான் 'சாப்பாட்டோடு'. வீட்டில் அந்தச் சொல்லைச் 'சாப்பாட்டுக்குள்' என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படி எடுத்துக்கொள்ள அதில் எல்லா இடமும் இருந்தது.

முதல் ஒன்பது நாட்கள்

முதல் நாள் இரவு தொடங்கினார்கள். கேப்சூலைச் சாப்பாட்டுக் கிண்ணத்தில் மற்ற உணவோடு சேர்த்துப் பிசைந்து வைத்தார்கள். முதல் நான்கு வேளை சிக்கலில்லை. மூன்றாம் நாள் நாயின் சுறுசுறுப்பு லேசாகத் திரும்பியது என்று பெரியவர் சொன்னதும் உண்மையாகவே இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் இரவு நாய் கேப்சூலைக் கடித்துவிட்டது. டாக்ஸிசைக்ளின் தூள் கடும் கசப்பு. அது நாக்கில் பட்டதும் வாயில் நுரை தள்ளியது, தலையை உதறியது, கிண்ணத்தை விட்டு விலகிப் போனது. சற்று நேரம் கழித்து வந்து பாதி சாப்பிட்டது. அதன் பிறகு கிண்ணத்தில் எதை வைத்தாலும் முதலில் முகர்ந்தது, கவ்விய உணவைத் தன் மெத்தைக்கு எடுத்துப்போய்த் தின்னத் தொடங்கியது. உடம்பு சரியில்லாத நாய் தனக்குப் பாதுகாப்பான இடத்தில் சாப்பிட விரும்புகிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் இரவு ஒரே ஒரு முறை பெரியவர் வாயைத் திறந்து கையால் உள்ளே வைத்தார். விரல் மடங்கவில்லை, பல் உரசித் தோல் கிழிந்தது. நாய் கடித்ததாக அவர் சொல்லவில்லை. பிடி நழுவியதால்தான் என்றார். மகள் உடனே சோப்பும் ஓடும் தண்ணீருமாகக் கால் மணி நேரம் கழுவி மருத்துவரிடம் அழைத்துப் போனது சரியான செயல். தடுப்பூசி போட்ட வீட்டு நாயின் பல்லானாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள்: "மருந்து தவறாம கொடுக்கிறீங்களா?" பெரியவர் சொன்னார்: "ஒரு வேளைகூடத் தவறலை." கேள்வியிலும் தவறில்லை, பதிலிலும் பொய்யில்லை. ஆனால் நாயின் வயிற்றுக்குள் என்ன போனது என்பதை அந்த இரண்டுமே தொடவில்லை.

எட்டாம் நாள் மாலையில் நாய் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. சாப்பாட்டையே வெறுத்துவிட்டது. அன்று இரவிலிருந்து மகள் கேப்சூலைப் பிரித்து, தூளைத் தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, நாயின் தலையை அண்ணாக்கிப் பிடித்து ஒரே அழுத்தில் வாய்க்குள் செலுத்தினார். மூன்று வேளை இப்படிக் கொடுத்தார். மூன்று முறையும் நாய் இருமியது, நுரை வழிந்தது, தரையிலும் சட்டையிலும் மஞ்சள் கறை படிந்தது.

பத்தாம் நாள்: கண்டவை

காய்ச்சல் 103.8. எடை 18.7 கிலோவுக்கு இறங்கியிருந்தது. தட்டணுக்கள் 41,000, சிவப்பணு விகிதம் 27 சதவீதம். மூக்கிலோ மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் இல்லை. எர்லிக்கியாவின் தொடக்கக் கட்டத்தில் டாக்ஸிசைக்ளின் சரியாக உள்ளே போனால் ஒன்று முதல் மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கி, நாய் சாப்பிடத் தொடங்கும். தட்டணுக்கள் சில நாட்களில் ஏறத் தொடங்கி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இயல்பு நிலையை எட்டும். இங்கே எல்லாம் நேர்மாறாக இருந்தது.

மருந்து அட்டையை எண்ணிப் பார்த்தார்கள். 56இல் மீதி 39. முதல் நாள் இரவு தொடங்கி ஒன்பதாம் நாள் இரவு வரை 17 வேளை. கணக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்தியது. மருந்தை மறந்துவிடும் வீடுகளைக் கண்டுபிடிக்க இந்த எண்ணிக்கை உதவும். மறக்காமல் கொடுத்தும் உள்ளே போகாத வீட்டை அது கண்டுபிடிக்காது, மறைத்துத்தான் வைக்கும்.

அப்போது மருத்துவர் கேள்வியை மாற்றினார். "ஐயா, அது விழுங்கினதை நீங்க கண்ணால பாத்தீங்களா?" பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "கிண்ணம் காலியா இருக்கும், டாக்டர்."

அங்கேயே சோதித்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெற்றுக் கேப்சூல் ஒன்றைக் கொஞ்சம் வேகவைத்த இறைச்சியில் பொதிந்து நாய்க்கு நீட்டினார்கள். பசியோடு வாங்கிக்கொண்டது. இரண்டு மூன்று மெல்லல், தொண்டை அசைந்தது, இறைச்சி போய்விட்டது. எல்லாரும் முடிந்தது என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் இடது கன்னத்து உதடு ஒரு பயறு அளவுக்குப் புடைத்தபடி இருந்தது. நாய் மெல்லத் திரும்பிப் போய் மேசைக்கடியில் முகத்தைத் தாழ்த்தியது. சுமார் மூன்று நிமிடம் கழித்து, ஈரத்தில் ஊதிப்போன கேப்சூல் ஓசையே இல்லாமல் தரையில் விழுந்தது.

மகளை வீட்டுக்குப் போய் நாயின் மெத்தையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். மெத்தைக்கும் சுவருக்கும் இடையில் ஆறு, மெத்தை விரிப்பின் மடிப்பில் மூன்று. மொத்தம் ஒன்பது கேப்சூல்கள், சில நசுங்கியும் சில உலர்ந்த உணவுத் துணுக்கு ஒட்டியும். கணக்கு இப்போது விளங்கியது. சாப்பாட்டில் வைத்தவை 13. அவற்றில் முதல் நான்கு உள்ளே போயிருக்க வேண்டும், கடித்த வேளையிலிருந்து வைத்த ஒன்பதும் வெளியே. கையால் வைத்த ஒன்று போயிருக்கலாம். சிரிஞ்சில் கொடுத்த மூன்றில் எவ்வளவு போயிற்று என்று சொல்ல வழியில்லை.

பெரியவர் மிகவும் உடைந்துபோனார். இதை அவருடைய கவனக்குறைவு என்று பதிவு செய்தால் அது அநியாயம். கவனித்துக் கவனித்துச் செய்தவர் அவர். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ஒன்பது கேப்சூலும் கிடைக்காமல் போயிருந்தால் மேசை மேல் இருந்த வாய்ப்புகள் வேறு. பபேசியா போன்ற இன்னொரு உண்ணிக் கிருமியும் சேர்ந்திருக்கிறது என்று ஊசி போடலாம். உடலே தன் தட்டணுக்களை அழிக்கிறது என்று கருதி எதிர்ப்பாற்றலை அடக்கும் அளவில் பிரெட்னிசலோன் தொடங்கலாம். இந்த இரண்டாவதுதான் பயம் தந்தது. கிருமிக்கு மருந்தே போகாத உடம்பில் எதிர்ப்பாற்றலையும் அடக்கிவிட்டால் கிருமிக்கு வழி திறந்துவிட்டதாகிவிடும்.

ரத்தச் சில்லில் பபேசியா தெரியவில்லை. ரத்தப்போக்கும் இல்லை. எனவே வேறெதையும் சேர்க்காமல் அதே டாக்ஸிசைக்ளினை, விழுங்குவதைக் கண்ணால் பார்த்து, நான்கு நாள் கொடுத்துவிட்டு மறுபடி ரத்தம் பார்ப்பது என்று முடிவானது. ஒரு வரம்பும் வைக்கப்பட்டது: தட்டணுக்கள் 30,000க்குக் கீழே போனாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ, ஈறு இன்னும் வெளிறினாலோ நான்கு நாள் காத்திருக்கக் கூடாது, உடனே வரவேண்டும். மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரை எதுவும் கொடுத்தார்களா என்று குறிப்பாகக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், இருக்கும் கொஞ்சத் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். இந்த நாய்க்கு அதில் பாதி மாத்திரைகூட ஆபத்தாகியிருக்கும்.

ஊசியாகக் கொடுக்கலாமே என்று மகள் கேட்டார். தட்டணுக்கள் குறைந்த நாய்க்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டும்; ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்க வேண்டுமானால் தினம் இரண்டு முறை வந்து மெதுவாக ஏற்ற வேண்டும். திரவ மருந்து பொருந்தவில்லை: மூன்று வேளை அனுபவத்தில் சிரிஞ்சைக் கண்டாலே நாய் நடுங்கியது. மனிதருக்கான சில திரவ மருந்துகளில் இனிப்புக்குச் சைலிட்டால் சேர்ப்பார்கள். அது நாய்க்கு நஞ்சு, ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். கேப்சூலைப் பிரிப்பது அடியோடு நிறுத்தப்பட்டது. கசப்பை உள்ளே பூட்டி வைத்திருப்பதே அந்த உறைதான்.

சிரிஞ்சில் செலுத்தியபோது இருமியதால் நுரையீரலுக்குள் போயிருக்குமோ என்ற கவலை இருந்தது. தலையை அண்ணாக்கிப் பிடித்து ஒரே மூச்சில் திரவத்தை உள்ளே தள்ளினால் மூச்சுக்குழலை மூடிக்கொள்ள நாய்க்கு நேரமே கிடைக்காது. மார்பு எக்ஸ்ரேயில் மாற்றமில்லை, ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 26. அடுத்த மூன்று நாள் தூங்கும்போது மூச்சை எண்ணி எழுதச் சொன்னார்கள். 30ஐத் தாண்டினால் தகவல்.

நாள் கணக்கு புதிதாகத் தொடங்கியது. பழைய நான்கைந்து கேப்சூல்களை ஈடாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்து விழுங்கிய முதல் வேளைதான் புதிய முதல் நாள். அதிலிருந்து 28 நாள், 56 கேப்சூல். கையில் 39 இருந்ததால் மேலும் 17 தேவைப்பட்டது.

விழுங்க வைத்த முறை

புதிய முதல் வேளை மருத்துவமனையிலேயே காலை பத்து மணிக்குக் கொடுக்கப்பட்டது. பெரியவர் செய்யக்கூடிய முறை ஒன்று, மகள் செய்யக்கூடிய முறை ஒன்று என இரண்டையும் அவர்களே செய்து காட்டும் வரை விடவில்லை.

பெரியவருக்கு உருண்டை முறை. வாய்க்குள் கை போகவே வேண்டாம். வேகவைத்து நன்றாக மசித்த கொழுப்பில்லாத இறைச்சியில் பெரிய கோலிக்குண்டு அளவில் நான்கு உருண்டைகள். மெல்லத் தேவையில்லாத அளவு என்பதே இதில் உயிர். உருண்டை பெரிதானால் நாய் கடிக்கும், கடித்தால் கேப்சூல் உடையும். பாலாடைக்கட்டி, தயிர், பால் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு: அவற்றிலுள்ள சுண்ணாம்புச்சத்து டாக்ஸிசைக்ளினைப் பிணைத்துக்கொண்டு, குடல் உறிஞ்சும் அளவைக் குறைத்துவிடும். இரும்புச்சத்து மருந்தும் அமிலநீக்கியும் அப்படித்தான். நிலக்கடலை வெண்ணெயில் மாத்திரை ஒளித்துக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதில் சைலிட்டால் இருக்கிறதா என்று டப்பாவைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உருண்டை பிடிக்கும் கையும் கேப்சூல் தொடும் கையும் வேறாக இருக்க வேண்டும். நாய் முகர்வது உருண்டையின் வெளிப்புறத்தை. கேப்சூல் தொட்ட விரலால் உருண்டையை மூடினால் மருந்தின் வாசனை மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு உள்ளே எவ்வளவு ஒளித்தும் பயனில்லை. பெரியவர் வலது கையால் கேப்சூலை வைத்து, இடது கையால் மட்டும் மூடி உருட்டப் பழகினார்.

வரிசை இது. முதல் இரண்டு உருண்டையில் மருந்து இல்லை. அடுத்தடுத்து வேகமாகக் கொடுக்க வேண்டும். மூன்றாவதில் கேப்சூல். அதை நாய் வாங்கும் அதே கணத்தில் நான்காவது உருண்டை அதன் மூக்குக்கு முன்னால் தெரிய வேண்டும். அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் நாய் மூன்றாவதை மெல்லாமல் இறக்கும். இடைவெளி இரண்டு வினாடிக்கு மேல் போனால் நாக்குக்குத் துழாவ நேரம் கிடைத்துவிடும், கேப்சூல் கன்னத்துக்கு ஒதுங்கிவிடும். நாளின் வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறை மருந்தே இல்லாத நான்கு உருண்டைகளைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை என்றாலே மருந்து என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடும்.

உருண்டையை நாய் மறுக்கும் வேளைகளுக்கு மகளின் கைமுறை. நாயின் பின்புறம் சுவர் மூலையில் இருக்கும்படி உட்கார வைத்தால் பின்வாங்க இடமிருக்காது. எதிரே நிற்காமல் பக்கத்தில் மண்டியிட்டு, இடது கையை மேல்தாடையின் மீது வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் கோரைப்பல்லுக்குப் பின்னால் இருக்கும் பல்லில்லாத இடத்தில் படும்படி பிடிக்க வேண்டும். மூக்கை மேலே உயர்த்தினால் கீழ்த்தாடை தானாகத் தளரும். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் கேப்சூல். நடுவிரலால் கீழ்ப்பக்க முன்பற்களை அழுத்தி வாயைத் திறந்து, நாக்கின் நடுவில், பின்பக்க மேட்டைத் தாண்டி வைக்க வேண்டும். நாக்கின் முன்பக்கமோ ஓரத்திலோ வைத்தால் அது திரும்ப வெளியே வரும். உடனே வாயை மூடி, தலையைத் தாழ்த்தி இயல்பான மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அண்ணாந்த தலையோடு விழுங்குவது நாய்க்குக் கடினம், புரையேறவும் வழி. தொண்டையை மெல்லத் தடவிக் கொடுத்தால் போதும். நாக்கை நீட்டி மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் உதட்டை விலக்கி இரு கன்னமும் பார்த்துவிட வேண்டும்.

கைமுறையில் கொடுத்தால் அதோடு நிறுத்தக் கூடாது. உலர்ந்த ஜெலட்டின் உறை ஈரம் பட்டதும் பசைபோல் ஒட்டும். உணவுக்குழலில் ஒட்டி நின்றுவிட்டால் டாக்ஸிசைக்ளின் அந்த இடத்தைப் புண்ணாக்கும், புண் ஆறும்போது குழல் சுருங்கிப்போவதும் உண்டு. ஆகவே கேப்சூலை வைக்கும் முன் இறைச்சிச் சாறில் ஒரு முறை தோய்த்து, விழுங்கிய உடனே இரண்டு வாய் உணவு கொடுக்கச் சொன்னார்கள். உணவை மறுத்தால் 5 முதல் 10 மில்லி தண்ணீர்: தலை நேராக, சிரிஞ்ச் நுனி கன்னத்துப் பையில், ஒரு முறைக்கு ஒரு மில்லி, அதை விழுங்கிய பிறகே அடுத்தது.

சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு இனி மருந்து போகவே போகாது என்பதும் உறுதியாகச் சொல்லப்பட்டது. நோயுற்ற நாய்க்குச் சாப்பாட்டின் மேலுள்ள நம்பிக்கை மருந்துக்கு இணையானது; அதைக் கசக்க வைக்கக் கூடாது.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தார்கள்: மணி, எந்த முறை, விழுங்கியதைப் பார்த்தது யார், பத்து நிமிடம் கழித்து மெத்தையையும் தரையையும் பார்த்தாயிற்றா. நான்காவது கட்டத்தை நிரப்பாமல் அந்த வேளை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

மறுதொடக்கத்துக்குப் பிறகு

புதிய மூன்றாம் நாள் காலை நாய் வாந்தி எடுத்தது. தாளைப் பார்த்தால், மருந்து பத்து மணிக்கு, சாப்பாடு பத்தே முக்காலுக்கு. சாப்பாட்டில் மருந்து கூடாது என்று சொன்னதை அடுத்த எல்லைக்குக் கொண்டுபோய், இரண்டையும் தள்ளியே வைத்துவிட்டார்கள். இதுவும் சொன்ன விதத்தின் குறைதான். பாதிச் சாப்பாடு, பிறகு உருண்டைகள், பிறகு மீதிச் சாப்பாடு என்று வரிசையாக எழுதிக் கொடுத்த பிறகு வாந்தி இல்லை. அன்று வாந்தியில் கேப்சூல் முழுதாகத் தெரிந்ததால், தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் உணவோடு மறுபடி கொடுத்தார்கள். தெரியாமல் இருந்திருந்தால் மறுபடி கொடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஒன்பதாம் நாள் வேறொரு சிக்கல். மாத்திரை அட்டையின் சரசரப்பு கேட்டதும் நாய் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. முன்னிரவே கேப்சூலை எடுத்து வெளியே வைத்துவிடலாமா என்று பெரியவர் கேட்டார். டாக்ஸிசைக்ளின் வெளிச்சத்திலும் ஈரக்காற்றிலும் கெடும், அதனால் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. அதற்குப் பதில், அட்டையைத் தனித்தனிக் குழியாகக் கத்தரித்து, வேறு அறையில் கதவை மூடிக்கொண்டு பிதுக்கி எடுத்தார்கள். காலியான அட்டை ஒன்றை நாள் முழுக்க அவ்வப்போது சரசரக்க வைத்து, உடனே ஒரு துண்டு இறைச்சி கொடுத்தார்கள். ஐந்தாறு நாளில் அந்தச் சத்தத்துக்கு நாய் ஓடுவதை விட்டு, ஓடிவர ஆரம்பித்தது. இந்த வேலையில் பெரியவரின் பொறுமைக்கு ஈடில்லை.

பதினேழாம் நாள் இரவு மருந்து மூன்று மணி நேரம் தாமதமானது. நினைவு வந்ததும் கொடுத்தார்கள், அடுத்த வேளை வழக்கமான நேரத்திலேயே. விட்டதை ஈடுகட்ட இரண்டாகக் கொடுக்கவில்லை.

56 வேளையில் 49 உருண்டையில் போனது, 7 மகளின் கையால்.

விளைவு

புதிய இரண்டாம் நாள் இரவே நாய் கிண்ணத்தை நக்கிக் காலி செய்தது. நான்காம் நாள் காய்ச்சல் 101.9, தட்டணுக்கள் 78,000. பிரெட்னிசலோன் வேண்டியதில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. பதினான்காம் நாள் 2.1 லட்சம். இருபத்தெட்டாம் நாள் 2.6 லட்சம், சிவப்பணு விகிதம் 38 சதவீதம், எடை 20.1 கிலோ. மருந்து நிறுத்தி நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோதும் தட்டணுக்கள் 2.4 லட்சத்தில் நின்றன. எதிர்ப்பொருள் பரிசோதனையை மறுபடி செய்யவில்லை: குணமான பிறகும் அது பல மாதங்கள் நேர்மறையாகவே காட்டும், வீட்டாரை வீணாகக் கலங்கடிக்கும். இருமல் திரும்ப வரவில்லை. உண்ணித் தடுப்பு மருந்து மாதந்தோறும் தொடர்கிறது. அந்த மாத்திரையும் நான்கு உருண்டையில் மூன்றாவதாகத்தான் போகிறது.

மாற்றப்பட்டவை

சீட்டில் 'சாப்பாட்டோடு' என்று எழுதுவது நின்றது. "முதலில் பாதிச் சாப்பாடு. பிறகு மருந்து தனியாக. பிறகு மீதி" என்று மூன்று வரியாக எழுதப்படுகிறது.

நீண்ட நாள் மருந்து எதுவானாலும் முதல் வேளை மருத்துவமனையிலேயே, வீட்டில் கொடுக்கப்போகிறவரின் கையாலேயே நடக்கிறது. பத்து நிமிடம் பிடிக்கும். கூட்டமான நாளில் அது பெரிய நேரம்தான். ஆனாலும் இந்த நாய்க்குப் பறிபோன ஒன்பது நாளுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. தொலைபேசி விசாரிப்பு ஐந்தாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்கு வந்துவிட்டது, ஏனென்றால் இந்த நாய் மருந்தை மறுக்கத் தொடங்கியது அன்றுதான். கேட்பது "கொடுக்கிறீர்களா" என்றல்ல: கடைசி வேளையை எப்படிக் கொடுத்தீர்கள், விழுங்கியதை யார் பார்த்தது, நாய் சாப்பாட்டை எங்கே எடுத்துப்போய்த் தின்கிறது. இந்த மூன்றாவது கேள்வியை ஐந்தாம் நாள் கேட்டிருந்தால் மெத்தையைப் பற்றி அன்றே தெரிந்திருக்கும்.

சிகிச்சை பலிக்கவில்லை என்று மருந்தை மாற்றும் முன், மருந்தில்லாத வெற்றுக் கேப்சூலை உருண்டையில் வைத்துக் கொடுத்து ஐந்து நிமிடம் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேப்சூலைப் பிரித்துக் கரைப்பது, மாத்திரையைப் பொடிப்பது பற்றி வீட்டார் கேட்காமலேயே முன்கூட்டிச் சொல்கிறார்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் ஒரு நாளைய மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடும் என்பதால் இது டாக்ஸிசைக்ளினோடு முடியும் விஷயமல்ல.

முதல் நாள் படிவத்தில் நாயின் எடைக்குக் கீழே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: வீட்டில் யார் கையால் கொடுப்பார்கள்? விரல் மடங்காதவர், கண் மங்கியவர், கர்ப்பிணி, தனியாக இருக்கும் சிறுவர் என்று பதில் வந்தால் கைமுறையைக் கற்றுத்தராமல் நேரே உருண்டை முறைக்குப் போகிறார்கள். கர்ப்பிணி என்றால் கேப்சூலை வேறொருவர் தொட ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். யாராலும் முடியாது என்ற வீட்டுக்கு, நாளுக்கு ஒரு வேளையாகக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதத்தை முழுதாகக் கொடுக்கும் மாற்று ஏற்பாடும் உண்டு. அதில் வாந்தி சற்றுக் கூடலாம், ஆனால் போராட்டம் பாதியாகிறது.